ஆலங்கலட்டிக் கோழிகள்

என் வீட்டுக்காரர் முனிரத்தினத்தின் குரலைப் பற்றி முடிச்சூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் மொட்டை மாடியில் நின்று போன் பேசினால், கேட்பவருக்குப் போனே வேண்டாம். பால்காரரை ஒரு குரல் கூப்பிட்டால் அடுத்த தெருவுக்குப் பால் ஊற்றுகிறவரும் சேர்ந்து வந்து நிற்பார். அப்படிப்பட்ட மனுஷன் மைக்கைக் கண்டால் மட்டும் காத தூரம் ஓடுவார். ஆடி மாதம் எங்கள் பொன்னியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது விழாக் கமிட்டி சிவகுமார் வருஷா வருஷம் வந்து கெஞ்சுவார். "அண்ணா, கூழ் ரெடின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுண்ணா. உன் குரலுக்குப் பெருங்களத்தூர்லேந்து ஜனம் வரும்." இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடுவார்.

2015 வெள்ளத்திலும் இதே கூத்துதான். எங்கள் தெருவில் மார்பளவு தண்ணீர். படகில் வந்தவர்கள் கைமைக்கை இவரிடம் நீட்டி, எல்லாரையும் மாடிக்கு ஏறச் சொல்லுங்கள் என்றார்கள். இவர் அதை வாங்கி என் கையில் திணித்துவிட்டுத் தண்ணீரில் குதித்தார். நாற்பது வீட்டுக் கதவையும் கையால் தட்டினார். நான் படகில் உட்கார்ந்து மைக்கில் அதட்டினேன். முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தவளுக்கு அதட்டவா தெரியாது? ஆனாலும் எனக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. பாம்பு மிதந்த தண்ணீருக்குப் பயப்படாதவர், ஒரு மைக்குக்கு ஏன் பயப்படுகிறார்?

பதில் போன சித்திரையில்தான் கிடைத்தது.

நான் ரிட்டயர் ஆகியிருந்தேன். அவரும் பட்டாளத்திலிருந்து வந்த பிறகு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் பார்த்துவந்த செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலையை விட்டிருந்தார். எங்கள் ஒரே பெண் ஜெயஸ்ரீ சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். "ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க. சிங்கப்பூரா, பாங்காக்கா? டிக்கெட் என் பொறுப்பு" என்றாள். நான் சிங்கப்பூருக்குப் புடவைகூட யோசித்துவிட்டேன்.

இவர் சாப்பிட்ட தட்டைப் பார்த்தபடி, "யாழ்ப்பாணம்" என்றார்.

ஜெயஸ்ரீ சிரித்தாள். "அப்பா, அங்க இன்னாப்பா கீது?" என்று அவர் பேசுகிற மாதிரியே கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். மாடியில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. புரட்டிவிடுகிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

அவர் 87இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கேட்டால், "வெயிலு, பனைமரம்" என்பார். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார்.

"எங்க குரூப்புல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான் கோகிலா. அதனால ஜீப்புல ஸ்பீக்கர் கட்டி, கையில மைக்கக் குட்த்துட்டாங்க. ஆலங்கலட்டின்னு ஒரு ஊரு. தெனமும் தெருத்தெருவா போயி கர்ஃபியூ சொல்லணும். இன்னா சொல்லணும்னு சுத்தத் தமிழ்ல எழுதிக் குட்த்த பேப்பரு ரெண்டாம் நாளு மழையில ஊறிப்போச்சு. அப்பறம் எனக்குத் தெரிஞ்ச தமிழ்லதான் சொன்னேன்."

"என்னன்னு?"

"அல்லாம் உள்ளார போங்க, பேஜாரு பண்ணாதீங்கம்மான்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் எப்பேர்ப்பட்ட தமிழ் பேசுகிறவர்கள்! அவர்கள் தெருவில் போய் எங்கள் முடிச்சூர் பாஷையில் ஊரடங்கு போட்டிருக்கிறாரே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு நாள் காலையில் ஒருவர் வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்கு வந்திருக்கிறார். மனைவிக்குப் பிரசவ வலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடுங்கள் என்று கும்பிட்டிருக்கிறார். திறந்திருந்த கதவு வழியாக அந்தப் பெண்ணின் முனகல் இவருக்கும் கேட்டிருக்கிறது.

"ஆபீசரு நூறடி தள்ளி பள்ளிக்கூடத்துலதான் இருந்தாரு. ஓடிப்போயி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். வுட்டிருப்பாரோ மாட்டாரோ, கேட்டிருக்கலாம் இல்ல? முந்தின நாளு எங்காளுங்க ரெண்டு பேரு செத்துட்டாங்க. எனக்கு வயசு இருவத்திரெண்டு. ஜீப்ப வுட்டு எறங்கவே பயம். மைக்கப் புட்ச்சி அவரு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். உள்ளார போங்க, பேஜாரு பண்ணாதீங்கன்னு. போயிட்டாரு. மறுநாளு எங்கள வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. அந்தக் கொயந்த பொறந்துச்சா, அந்தம்மா பொயச்சாங்களா, ஒண்ணியும் தெரியாது. முப்பத்தெட்டு வருசமா தெரியாது."

மிளகாயை எடுத்து எடுத்துப் புரட்டினேன். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. தாம்பரம் ஆஸ்பத்திரியில் ஜெயஸ்ரீ பிறந்தபோது, பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னதும் இவர் சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதார். பெண் பிறந்ததற்கு அழுத மகராஜன் என்று முப்பத்தோரு வருஷமாக ஒவ்வொரு சண்டையிலும் அதை எடுத்து வீசியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் மறுத்துப் பேசியதில்லை. மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைத்துத் தொலைத்தேன். அப்புறம் நியாயமாகவும் அழுதேன், எரிச்சலாலும் அழுதேன்.

"சிங்கப்பூர் எங்கயும் ஓடிப்போயிடாது. யாழ்ப்பாணம் போகலாம்" என்றேன்.

விமானம் ஒன்றேகால் மணி நேரம்தான். என் பெண் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்கு ஆபீஸ் போய்ச் சேருகிற நேரத்தில் நாங்கள் பலாலியில் இறங்கிவிட்டோம். இறங்கின நிமிஷத்திலிருந்து இந்த மனுஷன் ஊமையாகிவிட்டார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பாஸ்போர்ட் பார்க்கிறவர் ஏதோ கேட்க, இவர் என்னைக் கை காட்டினார். வெளியே ஆட்டோக்காரர் கேட்க, அதற்கும் என்னைக் கை காட்டினார். தனியாக வந்ததும், "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று பிடித்து உலுக்கினேன். என் காதில் ரகசியமாகச் சொன்னார்: "என் மூஞ்சி இங்க யாருக்கும் தெரியாது கோகிலா. கொரலு தெரியும்."

ஆக, அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று போகிற இடமெல்லாம் சொல்லவேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. யாழ்ப்பாணத்துக்காரர்களிடம் தொண்டை கட்டிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உடனே அடுப்பைப் பற்றவைத்து மல்லித்தண்ணி போட்டுவிடுகிறார்கள். மல்லி, அவர்கள் வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாம் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த கஷாயம். தங்கின வீட்டம்மா காலையில் ஒரு டம்ளர் கொடுத்தார். நல்லூர் கோயில் வாசலில் கடலை விற்கிற அம்மா தன் பிளாஸ்கிலிருந்து ஒரு மூடி ஊற்றிக் கொடுத்தார். எங்களைக் கூட்டிப்போன ஆட்டோக்காரர் ரஜீவன், வழியில் அவர் மாமி வீட்டில் நிறுத்தி அங்கேயும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். "இந்தியாவில இருந்து வந்த ஆள், குரல் இல்லாமல் திரும்பிப் போகக்கூடாது" என்றார். இவரும் மறுபேச்சில்லாமல் எல்லாவற்றையும் குடித்தார். எனக்கோ உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. இப்படி வந்தவர்களை எல்லாம் உபசரிக்கிற ஜனங்களிடமா இவர் பயப்படுகிறார் என்றும் இருந்தது. பயப்படவேண்டிய காரணம் இருக்கிறதே என்றும் இருந்தது.

வழியெல்லாம் புதுப் பெயின்ட் அடித்த வீடுகள். நடுநடுவே கூரையில்லாத வீடுகளும் இருந்தன. ஒரு வீட்டுக்குள் ஆலமரம் வளர்ந்து ஜன்னல் வழியாகக் கிளை நீட்டியிருந்தது. ரஜீவன் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "இதில முதல் இந்தியன் ஆமி இருந்தது. பிறகு இயக்கப் பெடியள். பிறகு இலங்கை ஆமி. இப்ப மாடு கட்டியிருக்கினம்." இவர் ஜன்னலோரம் திரும்பிக்கொண்டார்.

ஆலங்கலட்டிக்குப் போய்ச் சேரும்போது மாலை ஐந்து மணி இருக்கும். பிள்ளையார் கோயிலில் திருவிழா. தெரு முழுக்க மாவிலைத் தோரணம், மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஸ்பீக்கர் குழாய். ரஜீவன் வண்டியை நிறுத்திவிட்டுக் கோயிலைப் பார்க்கப் போனார். இவர் இறங்கி நடந்தார். எனக்கு முன்னால் நடக்கிறவர் அறுபது வயசுக்காரர் இல்லை. கால் தானாகவே வழி தெரிந்து போயிற்று. பள்ளிக்கூடம் தாண்டி, கிணறு தாண்டி, இரண்டாவது ஒழுங்கை. எங்கள் ஊர்ச் சந்து மாதிரிதான், இரண்டு பக்கமும் தென்னோலை முடைந்த கிடுகு வேலி. ஒரு நீலக் கேட்டுக்கு எதிரே நின்றுவிட்டார்.

"இந்த வூடுதான்."

"கூப்பிடுங்க."

"முடியல கோகிலா. வா, போயிடலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சிங்கப்பூரை விட்டுவிட்டு வந்தவள் நான். "இவ்வளவு தூரம் வந்துட்டு வாசலோட திரும்புறதா? இருந்தா இருக்கட்டும், திட்டினா திட்டட்டும். தெரிஞ்சுக்காம நான் வரமாட்டேன்" என்று கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர வேரில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வேலிக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், ராகம் போட்டு, கையைத் தட்டிக்கொண்டு: "அல்லாம் உள்ளார போங்க! அல்லாம் உள்ளார போங்க! பேஜாரு பண்ணாதீங்கம்மா!"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடியே நின்றது. இது முடிச்சூர் தமிழ். அதுவும் என் மாமியார் வீட்டுத் தமிழ். கடல் தாண்டி வந்து ஒரு வேலிக்குப் பின்னால் இது எப்படி? எழுந்து கேட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். முப்பத்தைந்து நாற்பது வயசுக்காரி ஒருத்தி, இடுப்பில் செருகின சீலையோடு, பத்துப் பன்னிரண்டு கோழிகளைக் கூட்டுக்குள் விரட்டிக்கொண்டிருந்தாள். கோழிகளும் அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு வரிசையாக உள்ளே போயின. பக்கத்து வீட்டு வளவிலிருந்தும் ஓர் ஆண் குரல் அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த வளவிலிருந்தும் கேட்டது. ஊர் முழுக்கக் கோழி அடைக்கிற நேரம்.

"என்னம்மா சொல்றீங்க கோழிகிட்ட?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அதுவோ? எங்கட ஊர்ப் பழக்கம் அன்ரி. கோழி அடைக்கேக்க இதைத்தான் சொல்றது. கருத்து ஒண்டும் தெரியாது. சொன்னா ஓடிப்போய்க் கூட்டுக்க ஏறுங்கள். வாங்கோவன் உள்ளுக்கு. எங்கேயிருந்து வாறியள்?"

மெட்ராஸ், கோயில் பார்க்க வந்தோம் என்றேன். அவள் பெயர் தர்சிகா என்றும், ஊர்ச் சங்கக்கடையில், நம் கூட்டுறவுக் கடை மாதிரி, மனேச்சர் என்றும் சொன்னாள். நாற்காலி எடுத்துப் போட்டாள். இவரைப் பார்த்து, "மாமா ஏன் கதைக்கேல்லை?" என்றாள். நான் வழக்கப்படி தொண்டை என்று சொல்லி வாயை மூடுவதற்குள், "அம்மா, மல்லித்தண்ணி!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டாள்.

உள்ளேயிருந்து அவள் அம்மா வந்தார். யோகமலர். என்னைவிட இரண்டு மூன்று வயசு மூத்தவராக இருப்பார். நெற்றியில் திருநீறு, நிமிர்ந்த நடை. நான் கோழி விஷயத்தை மறுபடி கேட்டேன். எப்படிக் கேட்காமல் இருப்பது?

"அது ஒரு கதை பிள்ளை" என்று உட்கார்ந்தார். "இந்தியன் ஆமி வந்த காலம். தினமும் ஒருத்தன் ஜீப்பில வந்து கத்துவான். அப்பிடி ஒரு தமிழ் நாங்கள் கேட்டதேயில்லை. பயத்தில நடுங்கிக்கொண்டு உள்ளுக்க இருப்பம். ஜீப் போனபிறகு சின்னப் பிள்ளையள் அவனை மாதிரியே சொல்லிச் சிரிக்குங்கள். பிறகு கோழி அடைக்கேக்க சொல்லத் தொடங்கிச்சுதுகள். சண்டை முடிஞ்சுது, அவங்கள் போயிட்டாங்கள், வேற ஆக்கள் வந்து, அவையும் போயிட்டினம். கோழிக்கு மட்டும் இண்டைக்கும் ஊரடங்குதான்."

தர்சிகா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். இவர் தலை குனிந்தபடியே இருந்தார்.

"இவள் அந்த ஊரடங்குக்குள்ள பிறந்தவள்" என்றார் யோகமலர், மகளின் தலையில் தட்டி. "ஆசுப்பத்திரிக்குப் போக விடேல்லை. இவளின்ர அப்பா வெள்ளைத் துணியோட றோட்டில போய் நிண்டு கும்பிட்டவர். அந்த ஜீப்காரன் உள்ளுக்க போ எண்டுட்டான். மருத்துவிச்சி சின்னாச்சி இருந்தது ஊரின்ர மற்றத் தொங்கலில, அந்தக் கடைசியில. றோட்டால வந்தாச் சுடுவாங்கள். எங்கட ஊரில வேலிக்கு வேலி பொட்டு இருக்குத்தானே?"

பொட்டு என்றால் என்ன என்று கேட்டேன். வேலியைக் காட்டினார். அடுத்த வீட்டுக்குக் குனிந்து போய்வருகிற அளவுக்கு ஒரு திறப்பு. பெண்கள் தெருவில் இறங்காமல் வீட்டுக்கு வீடு போய்ப் பேசிவிட்டு வர வைத்துக்கொள்கிற வழி அது.

"ஒரு வளவுக்காரி மற்ற வளவுக்காரிக்குச் சொல்லி, பதினேழு பொட்டால சின்னாச்சியைக் கடத்திக்கொண்டு வந்து சேர்த்தினம். அந்த மனுசி நல்ல மொத்தம். ரெண்டு பொட்டில இறுகிப்போய், பிடிச்சுத் தள்ளினவையாம். றோட்டில ஜீப் கத்திக்கொண்டு போகுது, உள்ளுக்க இவள் அதைவிடக் கத்திக்கொண்டு பிறக்கிறாள்."

அவ்வளவுதான். என் பக்கத்திலிருந்து ஒரு விம்மல் கிளம்பியது. மூன்று நாளாக மல்லித்தண்ணி குடித்துக் குடித்து அடக்கிவைத்த குரல் தன்னையறியாமல் வெளியே வந்தது.

"பொறந்துச்சா? கொயந்த நல்லபடியா பொறந்துச்சாம்மா?"

பிறந்து வளர்ந்த குழந்தை எதிரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவருக்கு அது கண்ணில் படவே இல்லை.

யோகமலரின் முகம் மாறிற்று. கை தானாகப் போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் குரலுக்கு அவர் உடம்பு இன்னமும் பயப்படுகிறது என்பதை என் கண்ணால் பார்த்தேன். அது எனக்கு வலித்தது. என் புருஷன் குரல் அது.

"நீயோ?" என்றார்.

இவர் எழுந்து நின்றார். "நான்தாம்மா. ஆபீசரு நூறடியில இருந்தாரு. நான் போயி கேக்கல. யாரும் என்னை அப்பிடிச் சொல்லச் சொல்லல. பயந்துகினு நானேதான் சொன்னேன். தப்பு என்னுதும்மா. அவரு எங்க? அவர் கால்ல வுயணும்."

"அவர் செத்து ஆறு வருசம்" என்றார் யோகமலர். பிறகு குரல் உயர்ந்தது. "ஒருக்காக் கேட்டிருக்கலாம். நூறடி ஓடேலாமல் போச்சோ? அந்த மனுசன் சாகும்வரைக்கும், என்ர பெண்சாதிக்கு என்னால ஒண்டும் செய்ய ஏலாமல் போச்சே எண்டு சொல்லிச் சொல்லி மறுகினவர். உனக்குத் தெரியுமோ?"

"தெரியாதும்மா."

"தெரிஞ்சுகொள்."

எழுந்து உள்ளே போய்விட்டார். தர்சிகாவும் பின்னாலேயே போனாள். முற்றத்தில் நாங்கள் இரண்டு பேரும், கூட்டுக்குள் கொக்கரிக்கிற கோழிகளும்தான். கிளம்பிவிடலாமா என்று இவர் கண்ணால் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். இவ்வளவு வருஷம் அந்தம்மா அந்த வலியோடு இருந்திருக்கிறார்கள், கால் மணி நேரம் நாம் உட்கார்ந்திருக்கலாம் என்றேன்.

கால் மணிக்கும் மேலாயிற்று. உள்ளே அம்மாவும் பெண்ணும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. ஏதோ பாத்திரம் உருண்டது. ஒரு தடவை தர்சிகாவின் சிரிப்புச் சத்தம் வந்து உடனே அடங்கிற்று. பிறகு யோகமலர் வெளியே வந்தார். கையில் டம்ளர். மல்லித்தண்ணியேதான். அதோடு ஒரு துண்டுப் பனங்கட்டியும் இருந்தது.

"குடி தம்பி" என்றார்.

அந்தத் 'தம்பி'யைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் டம்ளரை வாங்கமாட்டாமல் தடுமாறினார். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடிக்கிற வரை யோகமலர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்குக் கோயில்ல அன்னதானம். சனத்தை மைக்கில கூப்பிட ஒரு ஆள் வேணும். நீதான் கூப்பிட வேணும். எங்களை உள்ளுக்க போகச் சொன்ன வாய்தானே? வெளியில வரச் சொல்லட்டும்."

"அம்மா, மைக்கு மட்டும் வேணாம்மா..."

"நூறடி ஓடச் சொல்லேல்லை. ரெண்டு சொல்லுத்தான்."

எனக்கு அந்தம்மாவை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மடத்தில் பெரிய பெரிய கிடாரத்தில் சோறும் சாம்பாரும் இறக்கிவைத்திருந்தார்கள். சாம்பாரில் முருங்கைக்காய் மணந்தது. தர்சிகா கோயில் தலைவரிடம் என்ன சொன்னாளோ, அவர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் மைக் பிடித்தார். அவர் தொண்டையைச் செருமினது ஸ்பீக்கரில் கரகரவென்று ஊரெல்லாம் கேட்டது.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினார். மழையில் நனைந்துபோன அந்தக் காகிதத்தின் முதல் வரியாக இருக்கவேண்டும். "அன்னதானம் தயார் நிலையில் உள்ளது..."

ஓர் ஆளும் அசையவில்லை. கோயில் வாசலில் இருந்தவர்கள்கூடக் கொட்டாவி விட்டார்கள். அந்த ஒழுங்கையின் மறுமுனை கோயிலுக்கு எதிரேதான்; நீலக் கேட் மூடியே இருந்தது. யோகமலர் வரவில்லை. இவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"பேப்பர்ல இருக்கறத யாரு கேட்டா? நம்ம வீட்டுத் தமிழ்ல சொல்லுங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்தார். அப்புறம் வந்தது பாருங்கள், எங்கள் மொட்டை மாடிக் குரல்.

"அல்லாரும் வெளிய வாங்க! அல்லாரும் வெளிய வாங்கம்மா! சோறு சுடச்சுட ரெடியா கீது! யாரும் வூட்டுக்குள்ள குந்திகினு இருக்காதீங்க! வெளிய வாங்க!"

பிறகு எங்கோ ஒரு வேலிக்குப் பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொரு வளவில் கதவு திறந்தது. நாற்பது வயசுக்கு மேற்பட்டவர்கள் முகத்தில் திகைப்போடு ஒழுங்கைக்கு வந்து நின்றார்கள். இளசுகள், "கோழிக்காரன் கதைக்கிறான்! கோழிக்காரன் வந்திட்டான்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் கேட் வரைக்கும் வந்து, இவரை நெடுநேரம் பார்த்து, திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் நியாயம் அவருக்கு.

மற்ற எல்லா வாசலிலிருந்தும் ஜனம் வந்துகொண்டே இருந்தது. சிலர் பழக்க தோஷத்தில் பொட்டு வழியாகக் குனிந்து வந்தார்கள். இவர் மைக்கை விடவில்லை. முப்பத்தெட்டு வருஷத்து வட்டியும் முதலுமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கும் அதே கதிதான்.

நீலக் கேட் மட்டும் இன்னும் மூடியே இருந்தது. இவர் அதைப் பார்த்துக் கடைசியாக ஒரு தடவை, கொஞ்சம் இறங்கின குரலில் சொன்னார்: "வெளிய வாங்கம்மா."

கேட் திறந்தது. புதுச் சீலை கட்டிக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியோடு யோகமலர் தெருவின் நடுவில் வந்து நின்றார். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஸ்பீக்கருக்குச் சமமாகக் குரல் எடுத்துக் கத்தினார்:

"வாறன் தம்பி, வாறன்! பேஜாரு பண்ணாதீங்கம்மா!"